பாதி கேட், மீதிப் பச்சை

ஜூன் 3

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதற்கு மேல் கேட்காதே.

உன் அண்ணன் படம் ஒன்று வேண்டும், கூடத்தில் மாட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். போட்டோவுக்கு எங்கே போவேன்? எல்லாவற்றையும் எடுத்தவரே அவர். எதைப் பார்த்தாலும் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்தான் இருக்கிறது. வேலை பார்த்த இடத்து அட்டையில் முகத்து மேலேயே முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். கல்யாணப் படத்தில் தும்முகிறார்.

அதனால் நானே வரைந்து அனுப்பியிருக்கிறேன். எனக்கு எழுத வருவதே தகராறு, வரைய எங்கே வரும்? கேட்டுக்கு அடிக்க அவர் வாங்கின பச்சை பெயிண்ட் மீதி இருந்தது. பாதி கேட்டை அடித்துவிட்டு, "மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று கை கழுவினவர், மறுநாள் எழுந்திருக்கவே இல்லை. வேறு நிறம் வாங்க எனக்கு மனசு வரவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போது பின்னாலிருந்து எனக்குத் தெரிகிற தலை. அவ்வளவுதான் படம்.

இப்படிக்கு,
அண்ணி

ஜூன் 12

அண்ணிக்கு,

படம் வந்தது. பிரித்ததுமே என் வீட்டுக்காரர், "உங்க அண்ணி எதுக்குத் தர்பூசணி வரைஞ்சு அனுப்பியிருக்காங்க?" என்றார். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அதற்காகவே உங்கள் மேல் கோபம்.

எத்தனை எண்ணெய் தடவியும் ஒரு முடி முளைக்காத தலை. இப்போது புல் முளைத்திருக்கிறது! கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. பின்னந்தலையை எனக்கு அனுப்பிவிட்டு முகத்தை நீங்களே வைத்துக்கொண்டீர்களா? நீங்கள் வந்த நாளிலிருந்து அண்ணனில் எனக்கு மிச்சம்தான் கிடைத்தது. இதுவும் மிச்ச பெயிண்ட்.

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். முதலில் அந்தக் கேட்டை முடியுங்கள். பாதி பச்சை, பாதி துரு என்று நின்றால் தெருவில் போகிறவர்கள் என் அண்ணனைத்தான் அரைகுறை என்பார்கள். இனிமேல் எனக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

குட்டி

ஜூன் 20

குட்டி,

திட்டும் கிடைத்தது, தர்பூசணியும் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பார்த்துவிட்டு, "பூசணிக்காயா?" என்றாள். "என் வீட்டுக்காரர்" என்றேன். "ஆமாமா, காது அச்சு அசலா இருக்கு" என்றாள். காது நான் போடவே இல்லை.

முகத்தை ஒளித்து வைக்கவில்லை, குட்டி. வரைய உட்கார்ந்தால் கடைசி நாள் முகம்தான் வருகிறது. அதை உனக்கு அனுப்பக் கூடாதென்றுதான் பின்னந்தலையை வரைந்தேன்.

கேட்டை முடிக்க மாட்டேன். அவர் அடித்தது எங்கே நிற்கிறதோ அங்கே பிரஷ் தடம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் நான் அடித்தால் அவர் கை எது, என் கை எது என்று தெரியாமல் போய்விடும்.

நீ வேண்டாமென்றாலும் இன்னொன்று அனுப்புகிறேன். வெள்ளை அட்டையில் பச்சையில் இரண்டே இழுப்பு. என்னவென்று சொல்ல மாட்டேன். உனக்கே தெரியவில்லையென்றால் அடுப்பில் போடு. நான் கேட்க மாட்டேன்.

அண்ணி

ஜூலை 1

அன்புள்ள அண்ணிக்கு,

அடுப்பில் போடவில்லை.

இவர் பார்த்ததும் "வெண்டைக்காயா?" என்றார். காய்கறிக் கடையில் பிறந்த மனுஷன். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒன்று ஒரு மூலையில் நேராக, இன்னொன்று அடுத்த மூலையில் குறுக்கே கிடக்கிறது. அண்ணன் செருப்பு.

சின்ன வயதிலேயே அப்படித்தான். ஒன்றை இங்கே, ஒன்றை அங்கே உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைவான். "டேய், இன்னொரு காலை எங்கடா விட்டுட்டு வந்தே?" என்று அம்மா கத்துவாள். தேடி எடுத்து ஜோடி சேர்ப்பது என் வேலை. கல்யாணத்துக்கு அப்புறம் அது உங்கள் வேலையாகிவிட்டது. செருப்பு எடுத்து வைக்கிற வேலை போனதற்கு யாராவது கோபப்படுவார்களா? நான் பட்டேன், அண்ணி.

கூடத்தில் மாட்டவில்லை. வாசல் ஓரச் சுவரில், தரையை ஒட்டி மாட்டியிருக்கிறேன். நேற்று வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரர் அங்கேயே குனிந்து நின்றார். "என்ன தேடறீங்க?" என்றேன். "சேர்த்து வைக்கலாம்னு குனிஞ்சேன், படம்னு மறந்துட்டேன்" என்றார்.

அந்தத் தர்பூசணியையும் அனுப்பிவிடுங்கள். கேட்டைத் தொடாதீர்கள். யாராவது கேட்டால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

இந்த மாதக் கடைசியில் நான் வரட்டுமா?

உங்கள் குட்டி

ஜூலை 8

அன்புள்ள குட்டிக்கு,

தர்பூசணியைத் தர மாட்டேன். நாற்காலியில் சாத்தி வைத்து, பின்னால் உட்கார்ந்துதான் டிவி பார்க்கிறேன். முன்பு அவர் தலை மறைத்த மாதிரியே பாதி டிவியை மறைக்கிறது.

வரட்டுமா என்று என்ன கேள்வி? கிளம்பி வா. வாசலில் செருப்பைச் சேர்த்து வைக்காதே. எங்கே வேண்டுமானாலும் உதறிவிட்டு உள்ளே போ. நான் எடுத்து வைக்கிறேன்.

அண்ணி