அடுத்த ஸ்டாப்பில் இறங்கிய அம்மாவுக்கு

என் தங்க அம்மாவுக்கு,

நாளைக்குக் காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பதறாதே, எனக்கு ஒன்றும் இல்லை. உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா, "அம்மாவுக்கு மார்புல வந்திருக்கு, நீயும் ஒரு தடவை செக் பண்ணிக்கோ" என்றார் இல்லையா, அதற்குத்தான். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

முதலில் நாம் சென்னைக்கு ஓடினோமே, நினைவிருக்கிறதா? அந்தப் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் கவுண்ட்டர் பெண் கேட்ட முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா?" நீ அப்பாவியாய், "இவ வண்டிக்கு இருக்குதும்மா" என்றாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வண்டிக்குப் போட்டோம், நமக்குப் போடவில்லை. அவர்கள் சொன்ன தொகைக்கு வீட்டை விற்றாலும் பத்தாது. இன்னும் இரண்டு இடம் அலைந்தோம். மூன்று மாதமும், அந்த வண்டியை விற்ற பணமும் அதிலேயே போயின.

நம் காஞ்சிபுரத்திலேயே, ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில், இலவசமாகப் பார்க்கிற அரசுப் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஸ்டாப்பில் இறங்கினால் என்ன நோய் என்று பஸ்ஸுக்கே தெரிந்துவிடும். "உனக்கு மாப்பிள்ள பாக்க வேணாவா? அம்மாக்காரிக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு ஊரே பேசும்டி" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, அம்மா. இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல் அங்கேதான் போனோம். அதிலும் உன் கெட்டிக்காரத்தனம்! பெண்களுக்கு டிக்கெட் இலவசம்தான், ஆனாலும் இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீ அடுத்த ஸ்டாப்பின் பெயரைச் சொல்வாய். ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் பட்டுக்கடைப் பைக்குள்ளே. அப்பா நெய்த சேலையைக் கொடுக்கப் போகிறோம் என்று பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டுமாம். இறங்கி, வெயிலில் திரும்பி நடப்போம். நீ நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வருவாய்.

அப்படி ஒருநாள்தான் நமக்கு முன்னால் கனகா அத்தை நடந்துகொண்டிருந்தார். நம் தெருவில் யாருக்குத் தெரியக் கூடாது என்று பயந்தாயோ, அதே அத்தை. அவர் கையிலும் ஒரு பட்டுக்கடைப் பை.

"இன்னா கனகா, இந்தப் பக்கம்?"

"சொந்தக்காரங்க வூட்டுக்கு வந்தேன்க்கா. நீங்க?"

"நாங்களும் அப்பிடித்தான்."

மூன்று பேரும் ஒரே கேட்டுக்குள் நுழைந்தோம். நீ முதலில் சிரித்தாய். அத்தை அழுதுவிட்டார். அவருக்குக் கர்ப்பப்பையில். மருமகளிடம்கூடச் சொல்லவில்லையாம். அதற்குப் பிறகும் நீங்கள் இருவரும் அடுத்த ஸ்டாப்பில்தான் இறங்கினீர்கள். ஜோடியாக நடந்தீர்கள், அவ்வளவுதான்.

அந்த மூன்று மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் நீ இருந்திருப்பாயா? டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அத்தை இப்போது நன்றாக இருக்கிறார். கொட்டிய முடி திரும்ப வளர்ந்து, சுருட்டையாகிவிட்டது, பெருமை தாங்கவில்லை. போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் காபி கொடுக்கும்போதே உன் நோயைச் சொல்லிவிட்டேன். போனவர்கள் போனவர்கள்தான். காபிப்பொடிதான் வீண்.

நாளைக்கு அத்தையும் கூட வருகிறார். "நீ பேசாம குந்திக்கினு வாடி, ஸ்டாப்ப நான் சொல்றேன்" என்றார். அதெல்லாம் முடியாது, நான்தான் சொல்வேன் என்றேன். கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "ஆஸ்பத்திரி ரெண்டு" என்று சொல்வேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிசல்ட் என்ன வந்தாலும் சரி, எனக்காக நீ திரும்பி நடந்த அந்தத் தூரத்தை நான் நடக்க மாட்டேன், அம்மா.

மாப்பிள்ளை இன்னும் கிடைக்காத உன் ஒரே மகள்,
செல்வி