சூறை விட்டதற்குப் பூட்டிய வீடு

சங்கரன்கோவில்,
ஆடி 28, புதன்கிழமை.

அன்பு மகள் அனுவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கு சுகமாக இருக்கிறோம். என் சர்க்கரையும் அவளுடைய முழங்கால் வலியும் போன மாதம் இருந்த அளவிலேயே இருக்கின்றன, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்ற எண்ணத்தோடு தொடங்குகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அவள் நாலு கேள்வி கேட்டுவிடுகிறாள், நீயும் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். தாளில் எழுதினால் யாரும் குறுக்கே வர முடியாது. முடித்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், பொறுமையாகப் படி.

தபசுத் திருவிழா நல்லபடியாக முடிந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து சண்முகையா மாமா குடும்பத்தோடு வந்து மூன்று நாள் தங்கினார். தன் மகன் கண்ணன் கோயம்புத்தூரில் ஃப்ளாட் வாங்கியதை ஒன்பது தடவை சொன்னார், நான் எண்ணினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, மாப்ள, அனு ஏதோ பொம்மை வீடு கட்டுத கம்பெனியில இருக்காளாமே, அதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டார். என்னிடமே அப்போது சரியான பதில் இல்லை என்பதுதான் உண்மை, ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் உன் கம்பெனிக்காரர்கள் அவர்களுடைய விளையாட்டில் இருக்கும் என் வீட்டைப் பூட்டியிருந்தார்கள். அவர் கேட்ட தொனியை மட்டும் மறக்க மாட்டேன்.

நீ வங்கி வேலையை விட்டுவிட்டு ஹெல்சிங்கிக்குப் போனபோது எனக்கு இருந்த கோபம் உனக்குத் தெரியும். தை மாதம் உன் பழைய டேப்லெட்டில் உன் கம்பெனியின் அந்த விளையாட்டை இறக்கியது ஆசையினால் அல்ல, குறை கண்டுபிடிக்கத்தான். அப்போது அது அமைதியான ஒரு சங்கதியாக இருந்தது. ஒரு வீடு, பின்னால் கொஞ்சம் தோட்டம், பக்கத்து வீடுகளில் பொம்மை மனிதர்கள். விதை போட்டால் நாலு நாளில் முளைக்கிறது, தண்ணீர் விடாவிட்டால் வாடுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு ஏழிலிருந்து எட்டு மணி வரை அதில் உட்கார்ந்திருப்பேன். மிளகாயும் பருத்தியும் போட்டேன், ஜன்னலோரம் ஒரு மல்லிகைக் கொடி. பக்கத்து வீட்டுப் பொம்மை தினமும் உங்கள் தோட்டம் அழகாக இருக்கிறது என்று சொல்லும். சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறது என்று தெரியும், ஆனாலும் இத்தனை வருட உத்தியோகத்தில் எந்த மேலதிகாரி வாயிலிருந்தும் எனக்கு அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. மாடியில் உனக்கென்று ஒரு அறையும் கட்டினேன். இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

சித்திரையில் எல்லாம் மாறியது. பொம்மைகளை எடுத்துவிட்டு நிஜ மனிதர்களைத் தெருவில் விட்டீர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கடைப்பலகை முளைத்தது, வீட்டுக்குள் எந்தப் பொருளைத் தொட்டாலும் விலை என்ன என்று ஒரு கட்டம் கேட்டது. சந்தைக்கான விதிகளை எழுதும் குழுவில் நீ இருக்கிறாய் என்று அப்போதுதான் சொன்னாய். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் வந்தது வேறு. எம்.ஏ. பொருளாதாரம் படித்தவன், ஆயுள் பூராவும் பருத்தி ஏலத்தில் நிற்கிறவன், உட்கார முடியாத நாற்காலியை ஒருவர் எதற்காக விலை கொடுத்து வாங்குகிறார் என்று பார்த்தே ஆக வேண்டும் போல் ஆகிவிட்டது. எதிர்வீட்டில் பிரேசில்காரப் பெண்மணி ஒருவர், திரைச்சீலை விற்கிறார். நாம் தமிழில் எழுதினால் அவருக்கு அவர் மொழியில் போகிறது. ஒரு மர நாற்காலியைப் பெரிய விலைக்கு வாங்கிவந்து வைத்திருந்தார். அதில் உட்கார முடியாதே என்று கேட்டேன். உட்கார வாங்கவில்லை, நீங்கள் வரும்போது வீடு காலியாக இருக்கக் கூடாது என்று வாங்கினேன் என்று பதில் வந்தது. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விற்பனைக்கூடத்தில் வியாபாரிகளின் விலைச்சீட்டு பிரித்து ஏலம் முடிந்த பிறகும் விவசாயிகள் போக மாட்டார்கள், டீ வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நிற்பார்கள், அதை நான் வேலை கெட்ட பழக்கம் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உங்கள் தெருவிலும் அதுதான் நடக்கிறது. வாங்குவது ஒரு சாக்கு. ஒருவர் ஒரே மாதிரிப் பூந்தொட்டியை என்னிடம் மூன்று தடவை வாங்கினார்.

இனி தபசு அன்று நடந்தது. அம்பாளுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும்போது விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்ததைச் சூறை விடுவதை நீ சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். மிளகாயும் பருத்தியும் தலைக்கு மேலே பறந்து விழும், நம் வீட்டில் அதில் ஒரு கைப்பிடி பொறுக்கிவந்து வைத்துக்கொள்வோம். என் அப்பா இருந்தவரை விட்டார். நிலம் கைவிட்டுப் போன பிறகு இருபத்திரண்டு வருடமாகச் சூறை விட எனக்கென்று விளைந்தது எதுவும் இல்லை. விற்பனைக்கூடத்தில் என் கண் முன்னால் குவிந்து கிடக்கும் மிளகாய் என்னுடையது அல்லவே. இந்த வருடம் கூட்டத்தில் நிற்கும்போது திடீரென்று ஞாபகம் வந்தது, எனக்கு ஒரு தோட்டம் இருக்கிறது, அதில் மிளகாய் பழுத்திருக்கிறது. சிரிக்காதே. வீட்டுக்கு வந்து முழுவதையும் பறித்துக் கடைப்பலகையில் வைத்து விலை பூஜ்யம் என்று போட்டேன். ஏற்கவில்லை, குறைந்தது ஒன்று போடச் சொன்னது. ஒரு ரூபாயோ ஒரு பைசாவோ, விலை போட்டுவிட்டால் அது சூறை இல்லை. அதனால் தெரு நடுவில் போய் நின்று பையிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே போட ஆரம்பித்தேன்.

முதலில் யாரும் எடுக்கவில்லை. கைதவறி விழுந்தது என்று நினைத்து இரண்டு பேர் திருப்பிக்கொடுக்க வந்தார்கள். முதல் விளைச்சல், எங்கள் ஊர் அம்மனுக்கு விடுவது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். பிறகு கூடினார்கள் பார், ஐம்பது பேருக்குக் குறையாது. பிரேசில் அம்மாள் தன் திரைச்சீலை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். யாரோ ஒருவர் விளக்குகள், யாரோ ரொட்டி. ஏழு மாதமாக அந்தத் தெருவில் இருக்கிறேன், ஒருவரை ஒருவர் விலை கேட்காமல் அவர்கள் பேசிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். உன் அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கால் மணி நேரம் இருக்கும், சிவப்பாக ஒரு அறிவிப்பு வந்தது. விலையைக் குலைக்கும் நடவடிக்கை, விதி பதினேழு, வீடு பூட்டப்படுகிறது, பதினான்கு நாளில் மேல்முறையீடு ஏற்கப்படாவிட்டால் மனையும் பொருள்களும் ஏலத்துக்குப் போகும். அடுத்த நொடி நான் என் வாசலுக்கு வெளியே நின்றேன், கதவில் பூட்டு.

அன்று இரவு போனில் நீ சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "அப்பா, பதினேழு நான் எழுதினதுதான்" என்றாய். ஒரே ஆள் நூறு பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கி, புதிதாக வருகிறவருக்குக் கொடுக்கும் இலவசப் பொருள்களையெல்லாம் ஒரே வீட்டுக்குத் தள்ளிவிடுகிறார், அதைத் தடுக்கத்தான் என்று விளக்கினாய். எனக்குப் புரிந்தது. ஏலத்தில் வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்துகொள்வதை நான் எத்தனை பார்த்திருக்கிறேன், உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் உள்ளேருந்து திறந்து விட்டுருதேன்ப்பா, ஒருத்தருக்கும் தெரியாது" என்றாய். வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்கு நீ வருத்தப்பட்டிருப்பாய். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

தொண்ணூற்றேழில் அந்தக் கல்லூரி விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத்தில் முதலாவதாக வந்தவன் நான், வேலை கிடைத்தது ராஜேஷ்குமாருக்கு, அவனுடைய அப்பா நிர்வாகக் குழுவில் இருந்தார் என்பதை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். அவன் இப்போது துறைத் தலைவர். கல்யாண வீடுகளில் பார்த்தால் நான் பந்தி மாறி உட்காருகிறேன். அவனையோ அவனுடைய அப்பாவையோ நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அனு, நீ திறந்துவிடுகிறேன் என்று சொன்ன அந்த நிமிஷத்தில் சரி மக்கா என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இத்தனை வருடமும் அது பெரிய சதி என்று நினைத்திருந்தேன். ராஜேஷ்குமார் வீட்டிலும் ஒருவேளை இப்படித்தான், சாப்பிட்டு முடித்த நேரத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்க, மற்றவர் சரி என்று சொல்லியிருப்பார். அவ்வளவு சின்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அதை நீ எனக்காகச் சொல்ல வேண்டாம், என்னையும் சொல்ல வைக்காதே.

மேல்முறையீட்டை என் பெயரில் நானே எழுதி அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. அதில் சேர்த்திருக்க வேண்டிய ஒன்று முந்தாநாள்தான் கிடைத்தது, அதுவும் யாரிடமிருந்து என்றால் பக்கத்து வீட்டு ஞானதுரை அண்ணாச்சியிடமிருந்து. சந்துக்குள் அரை அடி தள்ளி அவர் சுவர் கட்டினதிலிருந்து ஒன்பது வருடமாக எனக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது. அவர் மகள் அபிஷாவிடம் உன் அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சுவருக்கு மேலே தலை தெரிந்தது. என்னவே, உம்ம வீட்டைப் பூட்டிட்டானாம்லா என்றார். நானும் விடவில்லை, ஆமா அண்ணாச்சி, அங்கன ஒரு இஞ்சு தப்புப் பண்ணினாலே பூட்டிருதான், நீரா இருந்தா மொத நாளே வெளியதான் என்றேன். மனுஷன் கோபப்படாமல் சிரித்துவிட்டு, எதற்குப் பூட்டினான் என்று முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "நாப்பது வருசமா மளிகைக்கடை வச்சிருக்கேன். கொசுறு குடுக்காத கடைக்கு எவன் வே ரெண்டாந்தடவை வருவான்" என்றார். தலை இறங்கிவிட்டது. நான் குழாயை மூட மறந்து அப்படியே நின்றேன். எம்.ஏ. படித்த எனக்கு இது தோன்றவில்லை.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது என் வீட்டை அல்ல. விதி பதினேழுக்குக் கீழே ஒரு சின்னப் பிரிவு வைக்க முடியுமா என்று உன் குழுவில் கேட்டுப் பார். ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி, தன் தோட்டத்தில் தானே விளைவித்ததாக இருக்க வேண்டும், தெருவில் நாலு பேர் பார்க்கக் கொடுக்க வேண்டும், புதியவர்களுக்குக் கிடைக்கும் இலவசப் பொருள் அதில் சேராது. பொய்க்கணக்குக்காரனுக்குக் கைப்பிடி போதாது, மூட்டைதான் வேண்டும். ஒருவேளை இதிலும் ஓட்டை இருக்கலாம், அது எங்கே என்று எனக்குச் சொல், தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது. வைத்தால் எல்லாருக்கும் வையுங்கள், இதே விதியில் பூட்டப்பட்ட மற்றவர்களுக்கும் சேர்த்து. யோசனை ஞானதுரை அண்ணாச்சியுடையது என்று குறிப்பிட்டுவிடு, அடுத்தவன் உழைப்பில் பெயர் வாங்குவது எனக்குப் பிடிக்காது. சுவர் விஷயம் வேறு, அதில் மாற்றம் இல்லை. நான்தான் உன் அப்பா என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டு அந்த முடிவை எடுக்கும்போது நீ வெளியே போய் உட்கார்ந்துகொள்.

சண்முகையா மாமாவுக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஐம்பது பேர் ஒரு தெருவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யோசித்து எழுதுவது வேலைதான், நான் பார்த்த வேலையைவிடக் கஷ்டமான வேலை. அடுத்த தடவை வரட்டும், சொல்கிறேன்.

அம்மா முறுக்கும் எள்ளுருண்டையும் பார்சல் போட்டிருக்கிறாள், கஸ்டம்ஸில் கேட்டால் மருந்து என்று சொல்லாதே, உள்ளதைச் சொல். அங்கே வெயில் குறைய ஆரம்பித்துவிடும், வைட்டமின் மாத்திரையை நிறுத்தாதே. எங்கள் இருவர் ஆசியும் சங்கரநாராயணர் துணையும் உனக்கு எப்போதும் உண்டு.

ஆவணி ஐந்து வியாழக்கிழமை கெடு முடிகிறது. பதில் வராமல் ஏலத்துக்குப் போனால் போகட்டும், நீ மட்டும் ஏலம் கேட்காதே. மாடி அறையில் இருக்கும் மேசை, கட்டில், புத்தக அலமாரி எதற்கும் நான் விலை போட்டதில்லை. தினமும் உள்ளே போனதும் அந்தக் கட்டம் விலை கேட்கும், தினமும் விற்பனைக்கு இல்லை என்று அழுத்துவேன். இனி வாங்குகிறவர் போட்டுக்கொள்வார். ஜன்னலோர மல்லிகைக்கு இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் விட வேண்டும் என்று அவருக்கு ஒரு வரி தெரிவிக்க வழி இருக்கிறதா பார், விதியில் இடம் இருந்தால் மட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சங்கரசுப்பு.