இல்லாத இழை

9-3-1993
இன்று மில்லில் மாடத்தியோடு தகராறு. அவள் நூல் நூற்கிற ஃப்ரேமில் ஒரு இழை அறுந்து தொங்குகிறது. அவள் பாட்டுக்கு அடுத்த பக்கம் நிற்கிறாள். "கண்ணு எங்கட்டி இருக்கு? இழை தொங்குறது தெரியல?" என்றேன். "எங்க அண்ணாச்சி? ஒண்ணுங் காணமே" என்றாள். மேஸ்திரி என்னிடமே எதிர்ப்பேச்சு. சூப்பர்வைசரிடம் சொல்லி வேலையை விட்டே அனுப்ப வைத்தேன். நாலு பேர் பார்க்கப் போனால்தான் மற்றவளுகளுக்குப் பயம் இருக்கும்.

14-3-1993
ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தயிர்ச்சோற்றில் முடி. வீட்டுக்காரி பரிபூரணத்தைக் கண்டபடி பேசிவிட்டேன். பாவம், தட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தேடினாள். "இல்லையே, எங்கன்னு காட்டுங்க" என்றாள். விரலை வைத்தேன். முடி நகர்ந்தது. சுவரைப் பார்த்தேன். அது சுவரிலும் இருந்தது.

15-3-1993
அப்படியென்றால் அன்றைக்கு மாடத்தி ஃப்ரேமில் தொங்கியது?
இருக்காது. இருக்கக் கூடாது.

19-3-1993
பரிபூரணம் விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கண் டாக்டரிடம் போனோம். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். "சர்க்கரை எத்தன வருஷமா?" பத்து இருக்கும் என்றேன். "மாத்திரை ஒழுங்காப் போடுதீங்களா?" போடுகிறேன் என்றேன். பரிபூரணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

சர்க்கரைப் பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைப்பேன். ராஜபாளையத்து டாக்டரிடம் நல்ல பேர் வாங்குவேன். வெளியே வந்ததும் பால்கோவா. யாரை ஏமாற்றினேன்? உடம்பில் வலி இல்லை, அதனால் நோயும் இல்லை என்று ஒரு நினைப்பு.

டாக்டர் சொன்னது: "சர்க்கரை கண்ணுக்குள்ள இருக்குற சின்னச் சின்ன ரத்தக்குழாயைக் கெடுத்திருச்சு. அதுல கசியுற ரத்தந்தான் ஒங்களுக்கு நூலு மாதிரி ஓடுது. வலிக்காது, அதனாலதான் எல்லாரும் பிந்தி வாரீங்க. மதுரைக்குப் போயி லேசர் வச்சுக்கோங்க. போன பார்வை முழுசா வராது. இருக்கதக் காப்பாத்தலாம்."

கண்ணைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மாடத்தி முகம்தான் நின்றது. கண்ணு எங்கட்டி இருக்கு என்று கேட்டேனே. சீ.

22-3-1993
மானேஜரிடம் சொல்லி அவளைத் திரும்ப எடுக்க வைக்க வேண்டும். சொன்னால் என் கண்ணையும் சொல்ல வேண்டும். பரிபூரணம், "கண்ணு தெரியாதவன மேஸ்திரியா வச்சிருப்பாவளா? வீட்டுக்கு அனுப்பிருவாவ. செத்த பொறுங்க" என்கிறாள். பொறுத்தேன். அவள் சொன்னதற்காகவா? இல்லை. எனக்கே அதுதான் வசதி.

23-3-1993
இன்றும் சொல்லவில்லை.

28-3-1993
மாடத்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பசைக்கையோடு எழுந்து, "வாங்க அண்ணாச்சி" என்றாள். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. இழை உன் ஃப்ரேமில் இல்லை, என் கண்ணுக்குள் இருந்தது என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

கைப் பசையைச் சேலையில் துடைத்தாள். பிறகு, "அன்னைக்கு இழையக் காட்டுறேன்னு காத்தப் புடிச்சு இழுத்தீய. தண்ணி போட்டுட்டு வந்திருக்கியன்னு நெனச்சேன். அதான் மல்லுக்கு நிக்கல. சொன்னா ஒங்களுக்கு வேல போயிருமேன்னு ஆருகிட்டயும் சொல்லவும் இல்ல" என்றாள்.

என் வேலை போய்விடக் கூடாதென்று இவள் வாயை மூடிக்கொண்டு வேலையை இழந்திருக்கிறாள். நானும் என் வேலைக்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீடு வரைக்கும் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தேன்.

29-3-1993
மானேஜரிடம் சொல்லிவிட்டேன்.

17-4-1993
மதுரையில் லேசர் முதல் தடவை முடிந்தது. பச்சை வெளிச்சம் பளீர் பளீரென்று. இன்னும் போக வேண்டும். மாத்திரையைப் பரிபூரணமே எடுத்துத் தருகிறாள், நான் விழுங்கும்வரை எதிரில் நிற்கிறாள். சின்னப்பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டுகிறேன்.

3-6-1993
மேஸ்திரி வேலையைத் தவசிமுத்துவுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதே ஷெட்டில் நூல் சுற்றிய பாபின்களை வண்டியில் தள்ளுகிற வேலை. நேற்றுவரை என்னைக் கண்டால் ஒதுங்கியவர்கள் இன்று, "அண்ணாச்சி, வண்டிய இங்கிட்டு" என்கிறார்கள். காது சுடுகிறது. மாடத்தி பழைய ஃப்ரேமுக்கே வந்துவிட்டாள்.

21-7-1993
வண்டியோடு போகும்போது ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு இழை. இப்போதெல்லாம் நூல் தெரிந்தால் நான் கண்டுகொள்வதில்லை, அது என்னுடையது. தலையைக் குனிந்து தாண்டிப் போனேன்.

பின்னாலிருந்து மாடத்தி கத்தினாள், மெஷின் சத்தத்தில் அப்படித்தான் பேச முடியும். "பாத்துட்டுச் சும்மா போறீய? இது ஒங்க கண்ணுல இல்ல அண்ணாச்சி, என் ஃப்ரேம்லதான்."

சொல்லிக்கொண்டே இழையை ஒட்டிவிட்டாள். இனிமேல் சந்தேகம் வந்தால் கேட்கச் சொன்னாள். சாயங்காலம் ஒரு தடவை, அங்கே இழை தொங்குகிறதா என்று கேட்டேன். "இல்ல அண்ணாச்சி" என்றாள். சிரிக்கவில்லை.