துருவில் பதிந்த கட்டைவிரல்

வியாழக்கிழமை, இரவு

டூல் ரூமில் சேர்ந்த பிறகு நான் தனியாகக் கிரைண்டிங் செய்து மெருகேற்றிய முதல் டை பிளேட், அச்சுக்கான இரும்புத் தகடு. இன்று காலை அதில் துரு. சரியாக ஒரு கட்டைவிரல் அளவுக்கு, ரேகையோடு.

ஃபோர்மேன் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார். "குப்பத்துப் பொண்ணு கை. உப்பு ஊறின கை, தொட்டா துருதான். இனிமே மெஷின் பக்கம் வராத, பெருக்கிட்டு இரு." எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எண்ணெய் தடவித்தான் வைத்தேன். நேற்று சாயங்காலம் கம்பெனியைப் பார்க்க வந்தவர்களுக்குக் காட்ட, எண்ணெயைத் துடைத்து வெறுங்கையால் எடுத்தவர் ஃபோர்மேன். மறுபடி எண்ணெய் தடவாமல் அப்படியே திரும்ப வைத்ததும் அவர்தான். துருவின் மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் அதற்குள் அடங்கி, சுற்றிலும் துரு மிச்சம் தெரிந்தது. "சார், உங்க விரல வச்சுப் பாருங்க" என்றேன். "வாய் இன்னா நீளம் பாரு" என்று போய்விட்டார்.

கிளம்பும்முன் ஒரு இரும்புத் துண்டைப் பளபளவென்று தேய்த்து, என் கட்டைவிரலை நன்றாக அழுத்தி, அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்தால் லைட்ஹவுஸ் குப்பத்துக் கடல் காற்றே துரு ஏற்றிவிடும்.

வலை பின்னிக்கொண்டிருந்த நைனா, "இன்னாமா, மூஞ்சத் தூக்கி வச்சினு கீற?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். சொன்னால் உப்பு ஊறிய தன் கையைப் பார்த்துக்கொள்வார்.

நாளைக்கு அந்தத் துண்டிலும் துரு பிடித்திருந்தால்?

பிடிக்கட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும், பிளேட்டில் இருப்பது என் விரல் இல்லை.