தீவிலிருந்து வரும் எண்

செவ்வாய், அக்டோபர் 12
காலை

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் என் பெயரைப் பார்த்தாலே நீ எடுப்பதில்லை. ஒரு வருஷமாகிறது. படகுக்காரர் கையில் கொண்டுவந்து நீட்டினால் வாங்காமல் இருக்க முடியாதல்லவா, அதனால் கடிதம். அத்தானுக்கு இடுப்பு வலி தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். தென்கிழக்கில் ஒரு புயல் கிளம்பியிருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் இன்னும் கண் திறக்கவில்லை. ஆனால் மேகம் சுற்றிக்கொள்ளும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வானிலை ஆபீஸ் வழக்கம் உனக்குத் தெரியும். இரண்டு பேர் தனித்தனியாகப் படத்தைப் பார்த்து, புயலின் பலத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சீட்டில் எழுதி, மடித்து டீ கிளாசில் போட வேண்டும். எங்கள் மேலதிகாரி பெரியவர் பிரித்துப் பார்ப்பார். மூன்று என்றால் எச்சரிக்கை மட்டும். நான்கு என்றால் தீவையே காலி செய்ய உத்தரவு. நாளைக் காலை நான் சீட்டு எழுத வேண்டும்.

தீவில் நீ எடுக்கும் பாரோமீட்டர் அளவுகளை ரேடியோவில் விடாமல் அனுப்பு. உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் இரண்டு பேரும் இங்கே கரைக்கு வந்துவிட்டால் எனக்கு நிம்மதி.

உன்
சுண்டு


செவ்வாய், மதியம்

அன்புள்ள சுண்டு,

"பதில் வாங்காம வரக்கூடாதுன்னு தங்கச்சி சொல்லியிருக்கு" என்று படகுக்காரர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதனால் எழுதுகிறேன். கோபமெல்லாம் ஒன்றுமில்லை.

போன வருஷம் நான்கு என்றாய். இருநூறு பேர் மூட்டை முடிச்சோடு அங்கே வந்து பள்ளிக்கூடத் தரையில் நான்கு நாள் கிடந்தோம். திரும்பி வந்து பார்த்தால் ஒரு கொடிக்கயிறு அறுந்திருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் யாராவது பலமாகத் தும்மினால் "சுண்டு புயல்" என்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உன் ஆபீசில் என்ன சொன்னார்கள்? தீவு பாரோமீட்டர் காற்றழுத்தத்தை ஆறு மில்லிபார் குறைத்துக் காட்டியதாம், அதனால்தான் புயலைப் பெரிதாக நினைத்துவிட்டார்களாம். பதினாறு வருஷமாக அளவெடுப்பவள் முகத்தில் கரியைப் பூசினார்கள். நீ பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை.

உன் அத்தான் வர மாட்டாராம். "உன் தங்கச்சி பேச்சக் கேட்டு நான் கட்டில்லேர்ந்துகூட இறங்க மாட்டேன்" என்கிறார். பன்னிரண்டு மணி அளவு 1006. கடல் தட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் அலை நெடுநேரம் விட்டு, நிதானமாக வருகிறது. அது எனக்கும் பிடிக்கவில்லை.

அக்கா


புதன், காலை

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அன்று நான் பேசியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

இன்றும் பயந்தேன். முதலில் நான்கு என்றுதான் எழுதினேன். பிறகு பள்ளிக்கூடத் தரை ஞாபகம் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மூன்று என்று எழுதினேன். பக்கத்து மேஜைக்காரரும் மூன்று. உன் ஆறு மணி அளவு 999. போன வருஷத்திலிருந்து செய்வதுபோல் அதோடு ஆறு கூட்டினோம், 1005 ஆயிற்று. "ஆயிரத்தஞ்சுக்கு என்னம்மா பயம்?" என்றார் பெரியவர். எச்சரிக்கை மட்டும் போகிறது. ஆட்களை ஏற்றிவரப் படகுகள் வராது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது சரிதான் என்று ஒரு வரி எழுது, அக்கா.

சுண்டு


புதன், மதியம்

சுண்டு,

ஆறு கூட்டினீர்களா? யாரைக் கேட்டுக் கூட்டினீர்கள்?

அந்த பாரோமீட்டர் இப்போது சரியாக இருக்கிறது. ஆகஸ்ட் மாதம் நானே அதைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அங்கே வந்து, கருவி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்தேன். உன் தெரு வழியாகத்தான் போனேன். படியேறவில்லை. ஆபீசுக்கும் சொல்லவில்லை. என் அளவு சரியாக இருப்பதைப் பார்த்து ஒருநாள் நீங்களே வெட்கப்படட்டும் என்று இருந்துவிட்டேன். வீம்பு, வேறென்ன? நீங்கள் ஒவ்வொரு தடவையும் ஆறு கூட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

999 என்றால் 999தான். பன்னிரண்டு மணிக்கு 995. முள் இறங்க இறங்கப் புயல் வலுக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? போன் செத்துவிட்டது. ரேடியோவில் தினமும் அளவு குறித்துக்கொள்ளும் துறைமுக எழுத்தரிடம் விவரம் சொன்னேன். "அளவ மட்டும் சொல்லுங்கம்மா, மத்த கதையெல்லாம் இதுல வேணாம்" என்று வைத்துவிட்டார். இதை உன் கையில் சேர்க்காமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று படகுக்காரரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நீ செய்தது சரியில்லை. நான் செய்ததும்தான். எனக்குப் பயமாக இருக்கிறது, சுண்டு.

அக்கா


வியாழன், காலை

அக்கா,

படகுக்காரர் விடியும்போதுதான் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார், உன் கடிதம் மட்டும் நனையவில்லை. அதைப் பெரியவர் முன்னால் வைத்தேன். "போன வருஷமும் இதே முகத்தோடதாம்மா வந்து நின்னே" என்றார். கூட்டிய ஆறைக் கழித்துவிட்டுப் பாருங்கள் என்றேன். பார்த்தார். அதற்குள் படத்தில் கண்ணும் திறந்துவிட்டது. சின்னதாக, சுத்தமாக, கம்பாஸ் வைத்து வரைந்த வட்டம். இத்தனை வருஷத்தில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. புதுச் சீட்டில் நான்கு என்று எழுதி, மடிக்காமல், கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

"தப்பாப் போச்சுன்னா?"

"என் பேரச் சொல்லுங்க."

ஏழு படகுகள் வருகின்றன. இந்தக் கடிதம் முதல் படகில். இரண்டு மணிக்கு மேல் கடல் விடாது. அத்தானைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டாவது வா. இன்னும் ஒரே ஓர் அளவு எடுத்துவிட்டு வருகிறேன் என்று நின்றுவிடாதே. உன்னை எனக்குத் தெரியும். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
சுண்டு


வியாழன், பதினொரு மணி

என் சுண்டு,

ஒருவரும் சிரிக்கவில்லை. "உன் தங்கச்சி என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டார்கள். சொன்னதும் மூட்டை கட்டினார்கள். உன் அத்தான் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். கட்டிலைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கடிதம் அவர் கையில் வருகிறது. நான் தலை எண்ணி முடித்துவிட்டுக் கடைசிப் படகில் வருவேன். இதுவரை நூற்று முப்பது பேர்.

ஒன்பது மணிக்கு 983. எழுதிவைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். என் ஒரு வருஷத்து வீம்புக்கு இருநூறு உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன். உன் எண் இந்தத் தடவையும் தப்பாகிப் போகட்டும், ஊரே சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆனால் முள்ளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

பாரோமீட்டரைச் சுவரிலேயே விட்டுவிட்டு வருகிறேன். எதிர்வீட்டுக்காரிக்கு இரட்டைக் குழந்தைகள், ஒன்று என் இடுப்பில்.

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, இன்று மூன்று மணிக்குத் தீவிலிருந்து எண் வராது. கலங்காதே. சொல்ல இங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

உன்
அக்கா