விற்றால்தான் கமிஷன்

பீளமேடு, கோயமுத்தூர்
12-11-1999

மாப்பிள்ளை சுரேந்தர் அவர்களுக்கு, அத்தை ராசாத்தாள் எழுதிக்கொண்டது. இங்கு நான் சுகம். நீங்களும் லோகப்பிரியாவும் அவள் வயிற்றில் இருக்கிற குழந்தையும் அங்கே சுகமாக இருக்கக் கோனியம்மனை வேண்டிக்கொள்கிறேன். தீபாவளிக்கு நீங்கள் போன் செய்தது சந்தோஷம். இரண்டாயிரமாவது வருடம் பிறப்பதற்குள் கம்ப்யூட்டர்களை எல்லாம் சரி செய்தாக வேண்டும் என்று ராப்பகலாக வேலை என்றீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எதிரில் நின்று நான் பேசியது கிடையாது. நம் பக்கத்து வழக்கம் அப்படி. போனில்கூட நல்லாயிருக்கீங்களா என்று கேட்டுவிட்டு அவளிடம் கொடுத்துவிடுவீர்கள். அதனால் இதைக் கடிதமாகத்தான் எழுத முடிகிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதக் கடைசியில் உங்கள் கார்டு கணக்கு வரும்போது ஒரு ஏலக் கம்பெனியின் பெயரில் நூற்று முப்பத்தைந்து டாலர் சொச்சம் இருக்கும். அது நான் செய்த காரியம். லோகப்பிரியாவுக்கு ஒன்றுமே தெரியாது. பொங்கலுக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோது, துவைக்கப் போட்ட சட்டைப் பாக்கெட்டில் கார்டு இருந்தது. அதைப் பார்த்து எண்ணை எழுதி வைத்துக்கொண்டேன். திருட்டுதான். ஐம்பத்திரண்டு வயதில் மருமகன் பாக்கெட்டைப் பார்த்தவள் என்று நீங்கள் சொன்னால் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

அவளுடைய அப்பா மில் கோடவுனில் கிளார்க்காக இருந்தது உங்களுக்குத் தெரியும். துணிப் பேலின் மேல் ஒட்டுவதற்கு லட்சுமி, யானை, கிளி, ரயில் என்று கலர் படம் போட்ட காகிதம் வரும். மில்லில் அதற்கு டிக்கெட் என்று பேர். மீந்ததை எல்லாம் அவர் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அவர் போய் மூன்று வருடமாகிறது. அமெரிக்காவில் இதையெல்லாம் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், கம்ப்யூட்டரிலேயே ஏலம் போடலாம் என்று நசுருதீன் சொன்னார். காந்திபுரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவர், நான் அவரிடம்தான் லோயர் பாஸ் செய்தேன். விற்கிறவர்கள் கார்டு எண் கொடுத்தால்தான் உள்ளே விடுவார்களாம். தையல் காசோடு ஏதோ கொஞ்சம் சேரட்டும் என்ற ஆசையில் கொடுத்துவிட்டேன்.

அங்கே ஒரு பாரம் வந்தது. கட்டம் கட்டமாக இருந்தது. பேங்கில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் பாரத்தை முகத்தில் எறிவார்கள் இல்லையா, அந்தப் பழக்கத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் போடச் சொன்னேன். நசுருதீன் டீ சொல்லப் போயிருந்த நேரத்தில் நானே போட்டேன் என்பதுதான் உண்மை. ஒரு கட்டம், நம் சரக்கை முதல் பக்கத்தில் காட்டுவதற்காம். அதற்கு மட்டும் நூறு டாலருக்கு ஐந்து காசு குறைவு. இன்னொன்று அந்த வகைச் சரக்கில் மேலே காட்டுவதற்கு, பதினைந்து டாலர். எழுத்தைத் தடிமனாக்க இரண்டு. கடை விரித்ததற்கே இரண்டு. இதெல்லாம் சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டியதாம். பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். எங்கள் ஐயன் மஞ்சள் மூட்டையோடு ஈரோட்டு மண்டிக்குப் போகும்போது நானும் கூடப் போயிருக்கிறேன். அங்கே நம் ஆள் ஒருத்தர் கூட்டத்தோடு நின்று விலையை ஏற்றிவிடுவார். வியாபாரி பின்வாங்கிவிட்டால் நட்டமில்லை. கட்டலைங்க என்று சொல்லி மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். விற்றால்தான் கமிஷன். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, நசுருதீன் பெயரில் நானே ஏலம் கேட்டேன். அறுநூற்று ஐம்பது டாலர் வரைக்கும் ஏற்றிவிட்டேன். அதோடு மணி அடித்துவிட்டார்கள். அந்த மெஷினுக்கு நம் ஆள், வேற்றாள் என்று தெரியுமா? விற்றுப்போச்சு என்று எழுதி, பதினாறு டாலர் சொச்சம் கமிஷன் பிடித்துவிட்டது.

ஆக, விற்றதும் நான், வாங்கியதும் நான். காகிதம் டின்னிலேயே கிடக்கிறது. ஒரு காசு கைக்கு வரவில்லை. தன் சரக்கைத் தானே கேட்பது அந்தக் கம்பெனியில் குற்றமாம். யாராவது எழுதிக் கேட்டால் என் பெயரையும் விலாசத்தையும் கொடுத்துவிடுங்கள்.

மே மாதம் போன் பில் நாற்பது டாலர் அதிகம் வந்ததாகச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் லோகப்பிரியா பேசவில்லை. பேசியபோது, பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் அடி என்றாள். ஆகஸ்டில் மறுபடியும் விழுந்தாள். அந்த ஊர் பாத்ரூம் ரொம்ப வழுக்கும் போல இருக்கிறது. இப்போது ஐந்து மாதம் அவளுக்கு. நூற்று முப்பத்தைந்து டாலர் என்பது நாற்பதைவிட எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பணத்தை ஆறு மாதத்தில் கட்டிவிடுகிறேன். கோபம் வந்தால் எனக்குப் போன் போடுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டேன். அதை என்னோடு முடித்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அத்தை
ராசாத்தாள்


பீளமேடு
13-11-1999

கண்ணு லோகப்பிரியா,

இதை உன் கீழ்வீட்டு அன்புக்கரசி விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன். வியாழக்கிழமைக்குள் வந்துவிடும் என்றான் கூரியர்காரன். அவள் வீட்டிலேயே உட்கார்ந்து படி. படித்ததும் கிழித்து அவள் வீட்டுக் குப்பையிலேயே போடு. மாடிக்கு எடுத்துக்கொண்டு போகாதே.

இதோடு இருப்பது மாப்பிள்ளைக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல். இரண்டு தடவை படித்துக்கொள். உன் பேச்சும் என் பேச்சும் ஒன்றாக இருக்க வேண்டும். கார்டு எண்ணை நீ போனில் சொல்லவே இல்லை. நான்தான் சட்டைப் பாக்கெட்டிலிருந்து திருடினேன். அதில் நீ ஒரு எழுத்துக்கூட மாற்றாதே. பாத்ரூம் என்று எழுதும்போது பேனாவை ஒடித்துப் போடலாம் போல இருந்தது. மரியாதையாகவே எழுதி முடித்துவிட்டேன். உன் அம்மாவுக்கு இவ்வளவு பொறுமை இருப்பது எனக்கே நேற்றுத்தான் தெரியும்.

நான் அவருக்கு எழுதாத விஷயம் ஒன்று இருக்கிறது. டின் காலி கண்ணு. டிக்கெட் விற்றுப்போச்சு.

நடந்தது இதுதான். பென்சில்வேனியாவில் ஒரு பெரியவர், சாயப் பட்டறையில் இருந்து ரிட்டையர் ஆனவராம், அறுநூற்று நாற்பது வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தார். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு மண்டிப் புத்தி. இன்னும் ஒரு பத்து ஏற்றலாம் என்று நசுருதீன் பெயரில் அறுநூற்று ஐம்பது போட்டேன். மனுஷர் நின்றுவிட்டார். ஏலம் முடிந்தது. கையில் வந்த பணத்தை நானே தட்டிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. இருக்கிற ஆளெல்லாம் திரும்பிப் பார்க்க, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். நசுருதீன் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் நாள் அந்தப் பெரியவரே எழுதியிருந்தார். ஏலம் எடுத்தவர் பணம் கட்டாவிட்டால் என் விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்று. எந்தச் சாமி அவர் விரலைப் பிடித்து எழுத வைத்ததோ தெரியாது. பணத்தை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டாம், அங்கேயே இருக்கிற அன்புக்கரசி பெயருக்கு மணி ஆர்டராக அனுப்புங்கள் என்று நசுருதீனை இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். வந்துவிட்டது. அப்பாவின் டிக்கெட்டை விற்று உனக்குப் பிளேன் டிக்கெட். இதைச் சொல்லும்போது அன்புக்கரசி போனில் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்து கடனைத் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. நம் ஊரில் அவங்க வீட்டுப் பக்கம் போயிருப்போமா, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்போமா? மேலே சத்தம் கேட்கும்போதெல்லாம் கீழே நின்று நடுங்கியது அவள்தான். "அம்மா, அவங்க சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்றேனுங்க" என்று போன் போட்டது அவள்தான். டிக்கெட்டையும் தானே எடுத்துத் தருகிறேன் என்றாள். ஆஸ்பத்திரிச் சம்பளத்தில் பொள்ளாச்சிக் குடும்பத்தையே தாங்குகிறவளிடம் அதையும் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

திருமூர்த்தி சித்தப்பாவிடம் நான் வாயே திறக்கவில்லை. உன் நகையை எல்லாம் நின்று எண்ணிப் போட்டு அனுப்பியவர் அவர். ஒரு தடவை கோடிகாட்டிப் பார்த்தேன். "பொம்பளப் புள்ளைன்னா கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகோணும்" என்றார். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் உடனே மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிடுவார். அந்தப் பயத்தில் இங்கே பணத்துக்கும் யாரையும் கேட்கவில்லை.

இப்போது நான் பயப்படுகிற இடத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். கார்டு கணக்கு இருபத்தைந்தாம் தேதி வாக்கில் வரும் என்று நீ சொன்னாய். அவருக்குக் கம்ப்யூட்டர்தான் பிழைப்பு. கம்பெனியைக் கூப்பிட்டு ஒவ்வொரு சார்ஜும் எதற்கு என்று கேட்பார். முதல் பக்கத்துக்கு, தடிமன் எழுத்துக்கு என்று போட்டதெல்லாம் விற்காவிட்டாலும் வரும். அந்தப் பதினாறு டாலர் மட்டும் விற்றால்தான் வரும். அதைக் கண்டுபிடித்த நிமிஷம், விற்ற பணம் எங்கே என்று உன்னைத்தான் கேட்பார். எப்படிக் கேட்பார் என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் நானே ஏற்றி நானே எடுத்தேன் என்று அத்தனை விவரமாக எழுதினேன். அது பொய்யும் இல்லை. என் கிறுக்குத்தனம் இந்த ஒன்றுக்காவது உதவட்டும்.

அந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை சாதாரணத் தபாலில் போடுவேன். கணக்கு வருகிற சமயத்துக்குத்தான் அதுவும் வந்து சேரும். நீ அதற்குள் கிளம்பிவிட்டால் அது வெறும் காகிதம். கிளம்ப முடியாமல் போனால் உனக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டுமே என்றுதான் எழுதினேன்.

இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை. அவர் எட்டு மணிக்கு ஆபீஸ் போய்விடுவார் இல்லையா? ஒன்பது மணிக்கு அன்புக்கரசி கார் வாசலில் நிற்கும். அன்றைக்கு லீவு போட்டிருக்கிறாள். பாஸ்போர்ட்டை அவர் நீலப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னாய். முன்னாடியே எடுத்தால் தெரிந்துவிடும். அன்று காலையில், அவர் கார் தெரு முனை திரும்பின பிறகு எடு. துணிமணி வேண்டாம். ஸ்வெட்டர் போட்டுக்கொள், டாக்டர் சீட்டை மட்டும் எடுத்துக்கொள். நகையைத் தேடிக்கொண்டு நிற்காதே. அது போனால் போகட்டும். ஏதாவது மறந்து பாதியில் திரும்பிப் போகாதே, அவரும் ஏதாவது மறந்து திரும்பி வரலாம்.

சென்னை ஏர்போர்ட்டில் நான் நிற்பேன். நசுருதீனும் அவர் சம்சாரமும் துணைக்கு வருகிறார்கள். வீட்டில் வந்து யார் என்ன கேட்டாலும், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். சித்தப்பா குதித்தால் குதிக்கட்டும். நீ யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டாம்.

இன்றையிலிருந்து ஒன்பது நாள் இருக்கிறது. போன் மணி அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது, அடிக்காவிட்டால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அதுவரைக்கும் அவர் சொல்வதற்கெல்லாம் சரி என்று சொல்லு. சாம்பாரில் உப்பு இல்லை என்றால் இல்லைதான். எதிர்த்துப் பேசாதே. வயிற்றை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

கடைசியாக ஒன்று. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் "போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடுவாய். அபசகுனமாகப் பேசுகிறாய் என்று திட்டி, படியேறி வரச் சொல்லி, "போயிட்டு வாரேன்னு சொல்லோணும் அம்மணி" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன். உனக்கு அது அப்படியே பழகிவிட்டது. ஆளில்லாத வீட்டைப் பூட்டும்போதுகூடச் சொல்கிறாய் என்று உன் அப்பா சிரிப்பார். அந்த வீட்டுக் கதவைச் சாத்தும்போது, பழக்கத்தில் வாய் தவறிக்கூட அதைச் சொல்லிவிடாதே கண்ணு. போறேன் என்றே சொல்லு.

உன்
அம்மா