பன்னிரண்டாவது வாரத்துக் குடல்

அன்புள்ள சின்னு,

நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் இருமல் பாதி குறைந்திருக்கிறது, மருந்தையும் பாதிதான் குடிக்கிறார், அதனால் நியாயம்தான். உன் குரல் கேட்டு மூன்று வாரம் ஆகிறது, நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வளரும் பன்றிகளின் பெருங்குடலை வயது வாரியாக அளந்துகொண்டிருந்தோமே, அதில் பெரிய குழப்பம். பன்னிரண்டு வாரம் வரை நீளம் ஏறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது, எடை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. இனி சுவர்தான் தடிக்கிறது, குடல் நீள்வது முடிந்தது என்று நானே விளக்கமும் சொன்னேன், எங்கள் ஆராய்ச்சி நிலைய இயக்குநருக்கு அது பிடித்துப்போய், பன்னிரண்டு வாரம் ஆனதும் நாரைச் செரிக்கக் குடல் தயார், தீவனத்தில் தவிட்டைத் தாராளமாகக் கூட்டலாம் என்று பண்ணைக்காரர்களுக்கு என் பெயரில் ஒரு குறிப்பு தயாராகிவிட்டது, திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இதற்கிடையில், தோள்வலியால் விடுப்பில் இருந்த அறுவைக்கூடத்து அண்ணன் திரும்பி வந்தார். நான் ஈரப் பலகையில் குடலைப் பரப்பி அளப்பதைப் பார்த்து, என்னம்மா, பிள்ளையைத் தூங்கப் போடுற மாதிரி போடுறீங்க, சுருக்கம் போக இழுத்துப் பிடிக்க வேண்டாமா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே குடலை இருவரும் அளந்தோம், அவர் கையில் நாலு மீட்டர் இருபது, என் கையில் மூன்று எழுபது. அதுவரை அளந்தவர் அவர்தான், அவர் விடுப்பில் போனதும் அளவுகோல் என் கைக்கு வந்ததும் அந்தப் பன்னிரண்டாவது வாரம்தான். ஊரார் கணக்கையெல்லாம் சந்தேகப்படுகிறவளுக்கு என் கையைச் சந்தேகப்படத் தோன்றவில்லை பார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. குட்டிகளின் குடல் கிழிந்துவிடும் என்று பயந்து சின்னதையெல்லாம் மெதுவாத்தான் இழுத்தேன் என்கிறார். அப்படியானால் முதல் வாரங்களில் வளர்ந்தது குடலா, அவருடைய தைரியமா? எடை கூடியது உண்மை, சுவர் தடித்திருக்கவும் கூடும். யோசித்துப் பார்த்தால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் சரியாகப் படுகிறது. உன் அப்பா, ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சிடு, சாப்பாடு ஆறுது என்கிறார். இயக்குநர், அரை மீட்டருக்கு எந்தப் பன்றி வந்து புகார் கொடுக்கப்போகுது என்றார். பன்றி கொடுக்காதுதான், ஆனால் குடல் இன்னும் தயாராகாமல் தவிட்டைக் கூட்டினால் பன்றி மெலியும், அதை நம்பியிருக்கும் வீடும் மெலியும்.

இன்று காலை, அச்சடிக்க வேண்டாம், குடல் எந்த வாரத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது என எழுதிக் கையெழுத்துப் போட்டு இயக்குநரிடம் கொடுத்தேன். இத்தனை வருட வேலையில் தெரியாது என்பதற்குக் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை. அவர் இன்னும் கூப்பிடவில்லை. செய்தது சரியா என்பதும் தெளிவாக இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தை வளைத்துக்கொண்டு படிக்காதே. மனத்தெம்போடும் உடல்நலத்தோடும் நீ நீடு வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய், உன் அறைச் சுவரில் பெருமையாக ஒட்டியிருக்கிறாயே என்னுடைய குடல் வளர்ச்சி வரைபடம், அதைக் கிழிக்க வேண்டாம், பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வை. பன்னிரண்டுக்குப் பிறகு மட்டும் இல்லை, முன்னாலும் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா